மருந்தில்லா ஊர்

மகரந்தப் பெட்டி சிவப்பு காட்டிய காலையில், அது பழுதாகியிருக்கும் என்றுதான் கோகிலவாணி முதலில் நினைத்தாள்.

பெட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விவசாயிகள் சங்கக் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், புறாக்கூண்டு மாதிரி நின்றது. காற்றை உள்ளே இழுத்து, அதில் மிதந்து வரும் மகரந்தத்தைத் துகள் துகளாகப் படிக்கும். இயற்கையான செடியினுடையது என்றால் பச்சை. மரபணு மாற்றிய செடியினுடையது என்றால் சிவப்பு. நாகவலசு ஊரின் முருங்கை இலைப்பொடியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் இந்த வருஷம்தான் இதை அனுப்பியிருந்தது. முன்பெல்லாம் கப்பலேறும் மூட்டைகளில் எங்கோ ஒன்றில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதிப்பார்கள். இனி ஊர்க் காற்றையே சோதிப்பார்களாம்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உலகத்தில் பெரும்பாலான வயல்கள் மாற்றிய விதைக்குப் போய்விட்ட பிறகு, மாற்றாத பயிர் விளையும் நாடு என்ற ஒரே பெயரை வைத்துத்தான் நாடே ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. அந்தப் பெயரைக் காப்பதற்கு நான்கு வருஷம் முன்பு தூய மண் சட்டம் வந்தது. மாற்றிய செடி எதுவாக இருந்தாலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், உயிரோடு இருக்கக் கூடாது.

"கோகிலா, இது நம்மூர்ப் பூவா, பக்கத்தூர்க் காத்தா?" சங்கத் தலைவர் ராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார்.

"முருங்கப் பூவுன்னு காட்டுதுங்க. ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்காது. நம்மூர்தான்."

"சனிக்கெழம கம்பெனி ஆளு வருது. அதுக்குள்ள நாமளாக் கண்டுபுடிச்சுச் சொல்லிட்டா அந்த ஒரு தோட்டத்தை எரிக்கறதோட போயிரும். அவியளாக் கண்டுபுடிச்சா ஊரே போச்சு. முந்நூறு குடும்பம், ஆமா."

"கண்டுபுடிச்சரலாங்க."

"நீ கண்டுபுடிச்சிருவே. அதுதான் பயமா இருக்குது. மாட்டுக் கொட்டாயில எலி மருந்து வெச்சதுக்கே சங்கக் கூட்டத்துல என்னைய எந்திரிச்சு நிக்க வெச்சவ நீ."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத்தின் உள் ஆய்வாளர் அவள். எந்த வீட்டுக்குள்ளும் எந்த நேரத்திலும் நுழையலாம், எந்தச் செடியையும் பிடுங்கச் சொல்லலாம்.

மருந்து என்ற சொல்லைக் கேட்டாலே அவள் நாக்கில் ஒரு கசப்பு ஊறும். இந்தப் பக்கத்தில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். அவள் கணவன் சண்முகசுந்தரம் பருத்திக்கு மருந்தடித்த அன்று காற்று திரும்பி எல்லாம் அவன் மேலேயே விழுந்தது. லேசாகத் தலை சுற்றுகிறது என்று வாசலில் உட்கார்ந்தவன் பிறகு தானாக எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசரமாக, "என்ன மருந்தும்மா?" என்று கேட்டார். அவள் அவனுடைய ரத்தக் கொதிப்பு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். அவர் கேட்டது எந்த மருந்தை என்று இருவருக்கும் புரிவதற்குள் போன நேரம் போனதுதான்.

அதன் பிறகு அவள் தன் தோட்டத்துக்குள் எந்தப் புட்டியையும் விட்டதில்லை. சங்கம் தொடங்கியபோது ஊர் முகப்பில் வைக்கும் பலகையில் என்ன எழுதுவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மருந்தில்லா ஊர் என்று எழுதச் சொன்னது அவள். துக்கத்தை ஒரு வேலையாக மாற்றிக்கொண்டதால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலையில் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது என்பதில் அவளுக்கு இருந்த பிடிவாதம், மற்றவர்கள் நினைத்ததுபோல் ஊருக்காக மட்டுமல்ல.

அன்று முழுவதும் தோட்டம் தோட்டமாக நடந்தாள். கையில் கருவி எதுவும் இல்லை. அதெல்லாம் வருகிற ஆளிடம்தான் இருக்கும். மரத்தைப் பார்த்தும் ஆட்களின் முகத்தைப் பார்த்தும்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா மரமும் ஒன்றுபோலவே பூத்திருந்தது. எல்லா முகத்திலும் ஒரே பயம்.

மறுநாள் ராசாமணி தன் வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக் கூடாரத்தில் இலை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆப்பீசரம்மா. எந்தூட்டு மரத்த வெட்டறதுக்கு இந்த நடை நடக்கறீங்?"

"மரத்த இல்ல. உன்ற நாக்கத்தான் வெட்டோணும்."

"வெட்டுங்க. முருங்க மாதிரி மறுபடி துளுத்து வந்துரும்." ராசாமணி இலைக் காம்பை எறிந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீங்க. உங்க நாத்தனாளுக்கு என்ன, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"ஏன்? துளசி என்ன பண்ணுனா?"

"பொழுது உளுந்தப்பறம் பக்கத்தூட்டுல மிக்சி ஓடுதேன்னு எட்டிப் பாத்தனுங்க. முருங்கக் கீரையப் போட்டு அரைக்கிறா. பச்சையா! வெளக்கு வெச்சப்பறம் யாராச்சும் கீரை பறிப்பாங்களா? ராத்திரிச் சோத்துக்குக் கீரை திம்பாங்களா? அதும் அந்தச் சின்னப் புள்ளைக்கு. கேட்டா, சத்துங்க அக்காங்கறா. டவுன்ல படிச்சவளோ இல்லியோ."

"என்னைக்கோ ஒரு நாளு அரைச்சிருப்பா."

"என்னைக்கோவா? காத்தால, மத்தியானம், பொழுதோட. மூணு வேளையும். மருந்து குடுக்கற மாதிரி குடுக்கறா."

ராசாமணி வேறு எதையோ பேசத் தொடங்கிவிட்டாள். கோகிலவாணி கூடாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரியில் கீரை சாப்பிடக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கீரை பிடிக்காமல் அழும் குழந்தைக்குக்கூட இருட்டிய பிறகு அதிலிருந்து விடுதலை உண்டு. துளசிமணி இதே மண்ணில் பிறந்தவள். தெரியாமல் செய்கிறவள் இல்லை. தெரிந்தும் தினமும் செய்கிறாள் என்றால் அது அவளுக்குக் கீரை இல்லை.

துளசிமணி சண்முகசுந்தரத்தின் தங்கை. தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். அவர் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். அவள் வீடும் கோகிலவாணியின் தோட்டமும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இத்தனை வருஷமாக அந்த வேலி வழியாகத்தான் குழம்பும் சண்டையும் போய் வந்துகொண்டிருந்தன.

கோகிலவாணி போனபோது மகிழினி நடு வீட்டில் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வயது.

"அத்தெ, ஒம்பதும் ஏழும் எவ்வளவு, சொல்லுங்க பாக்கலாம்."

"பதினாறு."

"பரவால்லியே. உங்களுக்குக் கூட்டத் தெரியுது!"

பதினோரு வயது ஆதவன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேசியதில்லை. யார் வந்தாலும் போனாலும் திரும்புவதில்லை.

கொல்லையில் அந்த மரம் நின்றது. கோகிலவாணி அதைப் பலநூறு முறை பார்த்திருக்கிறாள். இன்றுதான் பார்த்தாள். பங்குனி மாதம், வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மரங்களெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. இது மட்டும் வெறும் இலையாக நின்றது.

"துளசி, மரத்துல பூவே காணோம்."

"இந்த வருசம் பூக்கல நங்கை." அண்ணியை இந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பங்குனியில பூக்காத முருங்க எந்த ஊர்ல இருக்குது?"

துளசிமணி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் கோகிலவாணி பார்த்துவிட்டாள். கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் மொட்டுக் கிள்ளிக் கிள்ளிக் கறுத்திருந்தன.

"உக்காருங்க நங்கை. எப்படியும் ஒரு நாளு வருவீங்கன்னு தெரியும்."

"எங்கிருந்து வந்தது?"

"மகி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. கோயமுத்தூர்ல." அவள் மகளைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "ஆதவனுக்கு என்னன்னு யாருக்கும் மொதல்ல தெரியல. வலிப்புன்னாங்க. சாமி குத்தம்னாங்க. சோத்துல, பருப்புல, பால்ல எல்லாத்துலயும் ஒரு சத்து இருக்குதாம். நமக்கு அது தானா ஒடைஞ்சு போயிரும். அவன் ஒடம்புக்கு அத ஒடைக்கத் தெரியல. தேங்கித் தேங்கி மூளைக்குப் போயிருச்சு. அது தெரியறப்ப அவனுக்கு மூணு வயசு. எல்லாம் முடிஞ்சுபோச்சு. சொந்தத்துல கட்டுனதால ரெண்டாவதுக்கும் வரலாம்னாங்க. மகிக்குப் பொறந்த அன்னைக்கே பாத்தாங்க. இருந்துச்சு."

"அதுக்கு ஒரு பொடி குடிப்பாங்கன்னு அப்பச் சொன்னயே."

"அந்தப் பொடி இப்ப வர்றதில்ல. இந்த எலை வந்துருச்சு, இனி அது எதுக்குன்னு செய்யறத நிறுத்திட்டாங்க. ஒடைக்கிற சக்திய இந்த எலைக்குள்ள வெச்சிருக்காங்க நங்கை. ஒவ்வொரு வேளைச் சோத்தோடயும் பச்சையா உள்ள போயிட்டா போதும். வேக வெச்சா அந்தச் சக்தி செத்துரும். காய வெச்சாலும் அப்படித்தான். அதனாலதான் பாட்டில்ல அடைச்சு விக்க முடியல. ஊட்டுக்கு ஒரு மரம் குடுத்தாங்க."

"சட்டம் வந்தப்ப?"

"இதே மரம் வாங்குன மத்தவங்களுதெல்லாம் எரிச்சுட்டாங்க. நான் இது சாதா முருங்கன்னு சொல்லிட்டேன். ஊடு ஊடா மரம் பாக்க வந்தது நீங்கதான். எங்கூட்டு மரத்த மட்டும் பாக்காமயே போயிட்டீங்க. துளசி ஊடுதானேன்னு."

கோகிலவாணி அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பொய்யான கேள்வி என்று தெரிந்தது.

"சொல்லியிருந்தா?"

துளசிமணியே தொடர்ந்தாள்.

"சட்டத்தப் பத்திப் பேசக் கூட்டம் போட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? மருந்து மரத்துக்கு மட்டும் விலக்குக் குடுக்கக் கூடாதாங்கன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நாந்தான் கேக்கச் சொன்னேன். எனக்கு வாய் வரல. நீங்க எந்திரிச்சு, ஒண்ணுக்கு உட்டா எல்லாம் நொழையும், மருந்துன்னு சொல்லித்தான் எங்கூட்டுக்காரருக்கு வித்தாங்கன்னு சொன்னீங்க. மொத்தக் கூட்டமும் கை தட்டுச்சு. எனக்கும் அழுகை வந்துருச்சு. எங்கண்ணனாச்சே. நானும் கை தட்டுனேன் நங்கை."

வெளியே ஒரு டிராக்டர் போனது. அது போய் முடியும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"மருந்தில்லா ஊருன்னு போர்டு வெச்சிருக்கீங்க. அதத் தாண்டி வர்றப்பெல்லாம் புள்ள கையக் கெட்டியாப் புடிச்சுக்குவேன்."

"தெனமும் மொட்டக் கிள்ளுனயா?"

"விடியறதுக்குள்ள ஏறி எல்லாத்தையும் கிள்ளிருவேன். பூ இல்லாம மகரந்தம் ஏது? உங்களுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாதுன்னுதான்."

"அப்பறம் எப்படி அந்தப் பெட்டி சிவப்புக் காட்டுது?"

துளசிமணி ஜன்னலைப் பார்த்தாள். ஆதவன் நெற்றியை வைத்திருந்த கம்பிக்கு எதிரே, சுவரோடு ஒட்டிய தாழ்ந்த கிளையில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரே ஒரு கொத்துப் பூத்திருந்தது. அதில் ஒரு தேனீ இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆதவனின் முகத்தில் கோகிலவாணி அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"வேற எதுக்கும் சிரிக்க மாட்டான்," என்றாள் துளசிமணி. "இந்த ஒண்ண மட்டும் விட்டேன். இதனாலதான், இல்லியா?"

அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொத்தைக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டாள். ஆதவன் அழவில்லை. பூ இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தெ." மகிழினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை. "மரத்த வெட்டீட்டா நானும் அண்ணன் மாதிரி ஆயிருவனா?"

ஒன்பதும் ஏழும் எவ்வளவு என்று கேட்ட அதே குரலில்தான் கேட்டாள்.

"போய் எழுது கண்ணு," என்றாள் கோகிலவாணி. வாசல் வரை வந்த துளசிமணியிடம், "எலை இல்லாமப் போனா எப்படி ஆகும்?" என்று கேட்டாள்.

"மெதுவாத்தான் மங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மொதல்ல கணக்கு மறக்குமாம். அப்பறம் பேரு மறக்குமாம்."

வேலியைத் தாண்டித் தன் தோட்டத்துக்குள் வந்து கோகிலவாணி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். உதிர்ந்த பூ சேலையில் ஒட்டிக்கொண்டது. இதுவரை அவளுக்குள் எல்லாம் இரண்டு பக்கமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் மருந்துப் புட்டி, காற்று திரும்பிய பருத்திக்காடு, வாசலில் சரிந்த கணவன். இந்தப் பக்கம் மண், விதை, முந்நூறு வீட்டு அடுப்பு. இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு சிறுமி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை வருகிறவர்கள் ஊரைச் சலித்துக் கண்டுபிடிப்பார்கள். ஊர் போகும், மரமும் போகும். சொன்னால் மரம் மட்டும் போகும். அந்தக் கணக்கில் தவறே இல்லை. அவள் வாழ்நாள் முழுவதும் நம்பிய கணக்கு அது. இந்த ஒரு முறை அதைப் போட்டு முடிக்கக் கை வரவில்லை. யாருடைய தோட்டமாவது எரிந்துதான் ஆக வேண்டும். எது என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அத்தனை வருஷக் கண்டிப்பினால் அவள் சேர்த்து வைத்திருந்தது அது ஒன்றுதான். அதைச் செலவழிக்கலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு தந்தது பயமா நிம்மதியா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

காலையில் வேலியோரம் நின்று துளசிமணியைக் கூப்பிட்டாள்.

"ஒரு கொப்பு ஒடிச்சுக் குடு."

"எதுக்குங்க?"

"எந்தோட்டத்துல இருந்துச்சுன்னு காட்டறதுக்கு."

துளசிமணிக்குப் புரிந்தபோது வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் நங்கை. அண்ணன் விட்டுட்டுப் போன தோட்டம்."

"உங்கண்ணன் இருந்திருந்தா அவிய மருமகளுக்குக் குடுத்திருக்க மாட்டாரா? ஒடி. இனி ஒரு கொத்துக்கூட விடாத."

ராமலிங்கம் அவள் சொன்னதை முதலில் நம்பவில்லை. "உன்ற தோட்டத்துலயா? நாட்டு விதையத் தவிர வேற தொட மாட்டயே."

"கெழக்கு மூலையில ஒரு மரமுங்க. எங்கிருந்தோ வந்த விதை போல. நாந்தான் கவனிக்கல."

ராமலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ துக்க வீட்டில் உட்காருவதுபோல் அவள் வாசலில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை வந்த பரிசோதகர் ஒரு பெண். ஜெசிந்தா என்று பெயர், தூத்துக்குடிக்காரி. ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"என்ன வெயிலுக்கா உங்க ஊர்ல. எங்கூர்ல கடக்காத்தாவது அடிக்கும்."

"இதுதானுங்க அந்த எலை," என்று கோகிலவாணி உறையை நீட்டினாள்.

ஜெசிந்தா வாங்கவில்லை. "நீங்க பறிச்சுத் தந்தா செல்லாதுக்கா. எங்கையால நானே பறிக்கணும். எந்த மரம்னு மட்டும் காட்டுங்க."

கோகிலவாணி இதை எதிர்பார்க்கவில்லை. ஊரே பின்னால் வந்துகொண்டிருந்தது. அவள் கிழக்கு மூலைக்கு நடந்தாள். கையிலிருந்த உறையை மடியில் செருகிக்கொண்டாள். கருவி பச்சை காட்டும். பொய் என்று தெரியும். பிறகு பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்து வேலி தாண்டி அந்த வீடு. தன் பொய்யே அந்தப் பெண்ணைத் துளசிமணியின் வாசலுக்கு அழைத்துப் போகப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

ஜெசிந்தா ஒரு இலையைக் கிள்ளிக் கையடக்கமான கருவியின் வாயில் செருகினாள். யாரோ இருமினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் துளசிமணி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கருவி சிவந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்கீய," என்றாள் ஜெசிந்தா.

கோகிலவாணி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பிடித்துவிட்டதாக ஒரு கணமும், விட்டுவிட்டதாக மறுகணமும் தோன்றியது. ஜெசிந்தா பழக்கதோஷத்தில் அடுத்த மரத்து இலையையும் கிள்ளினாள். அதுவும் சிவப்பு. அடுத்தது பச்சை. அதற்கடுத்தது சிவப்பு.

"ஏக்கா, ஒரு மரம்னுல்லா சொன்னீய?"

அப்போதுதான் கோகிலவாணிக்குத் தெரிந்தது. சட்டம் வருவதற்கு முன் இரண்டு வருஷம் துளசிமணியின் மரம் யாரும் மொட்டுக் கிள்ளாமல் பூத்திருக்கிறது. தேனீக்கு வேலி ஏது? சட்டம் வந்ததும் ஊரே பழைய மரங்களைக் கழித்துவிட்டு மறுநடவு செய்தது. வெளி விதை கூடாது, சொந்த மரத்து விதைதான் என்று விதி போட்டவள் அவள். முற்றிக் காய்ந்த நல்ல நெற்றாகப் பார்த்துப் பொறுக்கினாள், வேலியோர வரிசையிலிருந்து. ஆதவனுடைய அந்த ஒரு கொத்துப் பூ எதுவும் செய்யவில்லை. பெட்டியைச் சிவக்க வைத்தது அவளுடைய தோட்டம்தான். அவள் சொன்ன பொய் அவளுக்கு முன்னாலேயே உண்மையாகி நின்றுகொண்டிருந்தது.

இத்தனை வருஷமாக அந்த இலையை அவளும் ஆய்ந்து சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். பொடியாகக் கப்பலேறிப் போயிருக்கிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆட்கள் மரங்களைச் சுற்றிக் காய்ந்த பனையோலையை அடுக்கத் தொடங்கினார்கள். துளசிமணி கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாள், கருவியின் சிவப்பைப் பார்த்தாள், வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. மகிழினி போன்று எத்தனையோ குழந்தைகளுக்குப் போதுமான தோட்டம் அங்கே நின்றது. வாயைத் திறந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரமும் சேர்ந்து எரியும். இரண்டு பெண்களும் பேசாமல் நின்றார்கள். முதல் ஓலை பற்றிக்கொண்டது. பச்சை இலை எரியும் வாசனை சமையல் வாசனை மாதிரியே இருந்தது.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும்," என்றாள் ஜெசிந்தா, உண்மையான பரிவோடு. "ஆனா உங்கள மாதிரி தானா முன்வந்து சொல்லுத ஆள நான் பாத்ததில்லக்கா. வேற ஊர்ல எல்லாம் ஒளிச்சுல்லா வைக்காவ. ஊர் தப்பிச்சிட்டு. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த மரத்து விதை கையில வச்சிருக்கீயளா? யாருக்காவது குடுத்திருக்கீயளா?"

கோகிலவாணி திரும்பி ஊரைப் பார்த்தாள். மறுநடவு செய்த வருஷம் அவள் வீட்டு வாசலில் நின்ற வரிசை நினைவுக்கு வந்தது. கோகிலா விதை என்று பேரே வைத்துவிட்டார்கள். படி படியாக அளந்து கொடுத்தாள். ராமலிங்கம் வாங்கினார். முதல் ஆளாக வந்து முந்தானை நிறைய வாங்கிப் போனவள் ராசாமணி. வாங்காத வீடு இந்த ஊரில் இல்லை. தீயின் வெளிச்சத்தில் அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. அத்தனை பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்தவள் அவள். இப்போது அந்த முகங்கள் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தன.

உண்மையைச் சொல்ல அவளுக்குப் பழக்கம் இருந்தது. மற்றதற்கு நாக்கு திரும்பவில்லை.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "என்னக்கா? குடுத்தீயளா?"

"யாரு, இவியளா?" கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ராசாமணி முன்னால் வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "நீங்க ஒண்ணுங்கம்மணி! இவிய ஒரு காஞ்ச நெத்தக்கூட யாருக்கும் குடுக்க மாட்டாங்க. எச்சில் கையில காக்கா ஓட்டாத கஞ்சம். நாங் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். "ஆமாமா, மகாக் கஞ்சம்," என்றார் ராமலிங்கம் தரையைப் பார்த்தபடி.

ஜெசிந்தாவும் சிரித்துவிட்டாள். "அப்படியாக்கா?"

"ஆமாங்க," என்றாள் கோகிலவாணி.